முப்பது பாடங்களும் இரண்டு டிஸ்க்குகளும்

வேலையை விட்டு ஒரு வருடமாகிறது. போன மாதம் கடையில் இப்போது வேலை செய்பவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். வீடியோ எடிட் செய்பவர்களுக்குக் கணினி கட்டும்போது டிஸ்க்குகளை எப்படித் திட்டமிடுவது என்று எழுதித் தரவேண்டுமாம்.

"இப்ப கஸ்டமர் எல்லாரும் ஃபோன்லயே லிஸ்ட் போட்டுக்கொண்டு வாறாங்க மிஸ். லிஸ்ட்ல பிழை இல்ல. நாங்களும் அப்படியே கட்டிக் குடுக்கிறம். ஆறு மாசத்தில இடம் காணாது எண்டு திரும்பி வந்து கத்துறாங்க. உங்கட கஸ்டமர் ஒருத்தரும் அப்படி வந்ததில்லையே, அது எப்படி?" என்று கேட்டார்கள்.

ஒரு பக்கத்தில் எழுதி முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. என் கஸ்டமர்களில் ஒருவருக்கு அதைவிட மோசமாக நடந்ததுண்டு. அதை எழுதாமல் மற்றதை எழுதினால் அது பொய்யாகிவிடும்.

என் பெயர் ரீட்டா. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்தேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்த கணினிக் கடைக்கு பில் அடிக்கும் வேலைக்குத்தான் போனேன். பில் இல்லாத நேரத்தில் பழுதான பெட்டிகளைத் திறந்து தூசி தட்டினேன். கடற்காற்று பட்டுப் பச்சை பிடித்த மெமரிப் பலகையின் செப்புக் கால்களைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்தால் செத்துப்போன கணினி எழும்பும் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். மூன்றாம் வருடம் பில் மேசையில் வேறொருவர் இருந்தார். நான் திருத்தும் மேசைக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இருபத்துநாலு வருடம் அந்த மேசைதான்.

கடை முதலாளி நிஸாம் ஹாஜி. கிராண்ட்பாஸ்காரர். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. கஸ்டமர் ஒருவர் வந்து "வீடியோ எடிட்டிங்குக்கு ஒரு கணினி வேணும், எவ்வளவு வரும்?" என்று கேட்டால் மற்றக் கடைகளில் உடனே விலை சொல்வார்கள். ஹாஜி முதலில் கதிரையை இழுத்துப் போடுவார். தேத்தண்ணி வரும். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் கஸ்டமரின் பக்கம் தள்ளுவார்.

"கெமராவிலிருந்து ஒரு வீடியோ எங்க எங்கெல்லாம் போகுதுன்னு கீறிக் காட்டுங்க."

பலர் அதுவரை அதை யோசித்தே பார்த்திருக்கமாட்டார்கள். கார்டிலிருந்து கணினிக்கு என்று ஒரு கோடு போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர் பேசாமல் இருப்பார். பிறகு அவர்களாகவே மற்றக் கோடுகளைப் போடுவார்கள். எடிட் செய்யும் இடம், முடிந்த வீடியோ வைக்கும் இடம், கஸ்டமருக்குக் கொடுக்கும் பிரதி. தாள் நிரம்பிய பிறகு ஹாஜி தன் கேள்விகளைக் கேட்பார். எத்தனை கெமரா? ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் ஓடும்? ஒரே நேரத்தில் எத்தனை வேலை கையில் இருக்கும்? கெமராவில் எடுத்த ஒரு நிமிட வீடியோவை அங்கேயே கணினியில் போட்டு அதன் அளவைப் பார்ப்பார். கெமரா பெட்டியில் எழுதியிருக்கும் அளவை அவர் நம்பியதில்லை.

நான் தனியாகத் திட்டம் போடத் தொடங்கியபோது அவர் எனக்குச் சொன்னது ஒன்றுதான்.

"எவ்வளவு எடம் வேணும்னு கேக்க வாணாம் மிஸ். அது அவங்களுக்குத் தெரியாது. எப்ப அழிப்பீங்கன்னு கேளுங்க. அதுக்கு ஒழுங்கான பதில் செல்லுவாங்க."

உண்மைதான். கல்யாண வீடியோ எடுப்பவர் "அல்பம் குடுத்து மூண்டு மாசத்தில" என்பார். விளம்பரம் எடுப்பவர் "ரெண்டு வருசம் வச்சிருக்கோணும்" என்பார். ஒரு நிமிட அளவும் அழிக்கும் நாளும் தெரிந்தால் மிச்சம் வெறும் பெருக்கல்தான்.

டிஸ்க்குகளை ஹாஜி மூன்றாகப் பிரிப்பார். எடிட் செய்துகொண்டிருக்கும் வீடியோ மட்டும் இருக்கும் வேகமான எஸ்.எஸ்.டி.க்கு அவர் வைத்த பெயர் மேசை. கெமராவிலிருந்து வந்த மூலப்பிரதிகள் எல்லாம் இருக்கும் பெரிய, மெதுவான ஹார்ட் டிஸ்க் அலுமாரி. கணினியிலிருந்து கழற்றி வேறொரு இடத்தில் வைக்கும் பிரதிக்கு வேற வீடு என்று பெயர். என் தாள்களிலும் அந்தப் பெயர்கள்தான் இருந்தன. கஸ்டமர்களுக்கும் அவைதான் விளங்கின.

நுகேகொடையிலிருந்து கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் வந்தார். சிங்களவர். இரண்டு டெராபைட் எஸ்.எஸ்.டி. ஒன்று, அது மட்டும் போதும், வேகம்தான் முக்கியம் என்றார். அவருடைய ஒரு நிமிட வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நாலு கெமரா, எட்டு மணித்தியாலம். ஒரு கல்யாணமே ஒரு டெராபைட்டைத் தாண்டியது. கையில் எப்போதும் மூன்று கல்யாணம் இருக்கும் என்று அவரே சொல்லியிருந்தார். தாளை அவர் பக்கம் திருப்பி, இரண்டாவது கல்யாணத்தோடு உங்கள் டிஸ்க் நிறைந்துவிடும் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஹரி மிஸ், ஒயா கியன விதிஹட்ட கரமு" என்றார். சரி, நீங்கள் சொல்கிறபடியே செய்வோம் என்று அர்த்தம். அவர் திரும்பி வந்தது மூன்று வருடம் கழித்து, தன் தம்பிக்கும் அதேபோல் ஒன்று கட்ட. அந்த மாதிரி ஆட்கள் எனக்கு நிறையப் பேர் இருந்தார்கள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இனி சுகந்தியின் கதை.

சுகந்தி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வெள்ளவத்தையில் கடல் பக்கமாக ஒரு மாடியில் இரண்டு அறை எடுத்து எடிட்டிங் செய்துகொண்டிருந்தாள். பெரும்பாலும் கல்யாணங்கள், சாமத்திய வீடு என்கிற பூப்பு விழாக்கள். ஒரு நாள் கடைக்கு வந்து, புதிதாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்றாள். காது கேளாத பிள்ளைகளின் பாடசாலை ஒன்றுக்கு ஓ.எல். பரீட்சைக்கான விஞ்ஞானப் பாடங்கள் முப்பதையும் சைகை மொழியில் வீடியோவாக்க வேண்டும். விஞ்ஞானத்தைச் சைகையில் முழுதாகக் கற்பிக்கக்கூடியவர் அங்கே ஷர்மிளா என்ற ஆசிரியை ஒருவர்தான். அவருக்கும் காது கேட்காது. வீடியோ வந்தால் வெளி மாவட்டப் பிள்ளைகளுக்கும் அனுப்பலாம் என்பது பாடசாலையின் எண்ணம்.

"இது காசுக்காகச் செய்யிற வேலை இல்ல அக்கா. ஆனா என்ர பழைய கொம்பியூட்டர் இதைத் தாங்காது" என்றாள்.

தாளை எடுத்தேன். கெமரா இரண்டு: ஒன்று முழு உடம்புக்கு, மற்றது கைகளுக்கு. எப்போது அழிப்பீர்கள் என்ற கேள்விக்கு, "அழிக்கிறதே இல்ல" என்றாள். வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்று மேசைக்கு. அலுமாரிக்கு ஒரே அளவான இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அதே கணத்தில் எழுதப்படும்படி இணைத்தேன். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். மின்வெட்டுக் காலமாகையால் யூ.பி.எஸ். ஒன்றும் கட்டாயம் என்றேன். கார்டுகளை நேரே மேசைக்குக் கொண்டுபோகாமல் முதலில் அலுமாரிக்குக் கொப்பி பண்ண வேண்டும், அதுவும் ஒரு கார்ட் முடிந்த பிறகே அடுத்தது, இரண்டை ஒன்றாக ஓடவிடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

வேற வீட்டுக்கான டிஸ்க்குக்கு அந்த மாதம் அவளிடம் காசு இல்லை. அடுத்த மாதம் எடுக்கிறேன் என்றாள். நானும் சரி என்றேன். "ரெண்டு டிஸ்க் இருக்குதானே, ஒண்டு பழுதானாலும் பயமில்ல" என்றும் சொன்னேன்.

ஹாஜி தாளைப் பார்த்தார். "வேற வீடு எங்க மிஸ்?"

"அடுத்த மாசம் எடுக்கிறாங்களாம் ஹாஜி."

கொஞ்ச நேரம் தாளைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அவர் என்னை நம்பினார்.

அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் போயின. சுகந்தி வரவில்லை, நானும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு சுகந்தியின் ஃபோன் வந்தது.

"அக்கா, பாடம் எல்லாம் போயிட்டுது. பழைய கல்யாணங்களை அழிக்கேக்க அந்த ஃபோல்டரும் சேர்ந்து செலக்ட் ஆகியிருக்கு. நான் கவனிக்கேல்ல. ஆனா ரெண்டு டிஸ்க் இருக்குதானே? மற்றதில இருக்கும்தானே?"

அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. இரண்டு டிஸ்க்கும் ஒரே கணத்தில் எழுதும். ஒரே கணத்தில் அழிக்கவும் செய்யும். டிஸ்க் பழுதாவதற்குத்தான் அந்த ஏற்பாடு, கை தவறுவதற்கு அல்ல. இதை நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"அழிச்ச பிறகு என்ன செஞ்சீங்க?"

"புதுக் கல்யாணம் ஒண்டைக் கொப்பி பண்ணப் போட்டனான். இப்பவும் ஓடுது. ஒரு இருவது நிமிசம் இருக்கும்."

"பின்னுக்குப் போய் கரண்ட் வயரைக் கழட்டுங்க. இப்பவே. வேற ஒண்டையும் தொட வேணாம். நான் வாறன்."

ஹாஜியிடம் இரண்டு வரியில் சொல்லிவிட்டு நடந்தேன். ஐந்து நிமிடத் தூரம். காலி வீதியில் ஏறும்போதே மனதில் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். முடிந்து பாடசாலைக்குப் போனவை ஆறு பாடங்கள். மிச்சம் இருபத்துநாலு. மேசையில் ஒன்றும் இராது, ஏனென்றால் கல்யாண வேலைக்காக அதைத் துடைத்திருப்பாள். கார்டுகள் வாடகைக் கெமராவுடையவை, அவற்றில் வேறு யாரோ வேறு எதையோ எடுத்திருப்பார்கள்.

மாடியில் சுகந்தி வயரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பாடங்களைத் திரும்பவும் படம்பிடிக்க முடியாதா என்று கேட்டேன்.

"ஷர்மிளா டீச்சர் போன கிழமை மட்டக்குளியில பஸ்ஸால இறங்கேக்க விழுந்திட்டா. வலக்கை மணிக்கட்டு முறிஞ்சு பிளாஸ்டர் போட்டிருக்கு. ரெண்டு மாசத்துக்கு அவவால சைகை செய்ய ஏலாது."

"சுகந்தி, இது உங்கட பிழை மட்டும் இல்ல. ரெண்டிலயும் ஒண்டா அழியும் எண்டு நான்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கோணும்" என்றேன். அவள் அழத் தொடங்கினாள். நான் திருப்புளியை எடுத்து டிஸ்க்குகளைக் கழற்றினேன்.

கடையில் ஹாஜி எனக்காகத் திருத்தும் மேசையைத் துடைத்து வைத்திருந்தார். ஒரு டிஸ்க்கைப் பையில் போட்டு மூடி, திகதி எழுதி, தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மற்றதை, அதில் எதுவும் எழுதப்படாதபடி தடுத்து என் கணினியோடு இணைத்தேன். முதல் வேலை தேடுவது அல்ல. டிஸ்க் முழுவதையும், வெற்றிடம் என்று அது சொல்லும் இடம் உட்பட, புதிய டிஸ்க் ஒன்றில் அப்படியே பிரதி எடுப்பது. தேடல் எல்லாம் அந்தப் பிரதியில்தான். மூலத்தை ஒரு முறைக்கு மேல் தொடக்கூடாது என்பதில் ஹாஜி கறாரானவர். அந்தப் புதிய டிஸ்க்கை அவர் கடை அலுமாரியிலிருந்து தானே எடுத்துத் தந்தார்.

ஒரே ஒரு விஷயம் எங்கள் பக்கம் இருந்தது. எஸ்.எஸ்.டி.யில் அழித்தால் அது சில நிமிடங்களிலேயே உள்ளே துடைத்துவிடும், பிறகு எதுவும் மிஞ்சாது. ஹார்ட் டிஸ்க் அப்படியல்ல. பட்டியலில் பெயரை மட்டும் அடித்துவிட்டு, மேலே வேறொன்றை எழுதும்வரை வீடியோவை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கும். மூலப்பிரதிகளை அலுமாரியில் வைக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்ததை சுகந்தி ஒரு நாளும் மீறவில்லை.

அடுத்த நாள் காலை பிரதி முடியும் தறுவாயில் சுகந்தி ஷர்மிளா டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மெலிந்த, உயரமான பெண். வயது முப்பதுக்கு மேல் இராது. வலக்கை முழங்கைவரை வெள்ளையாக இருந்தது. இடக்கைப் பெருவிரலால் ஃபோனில் தட்டி என்னிடம் காட்டினார்: "நான் இங்க இருந்து பாக்கலாமா?"

கதிரை போட்டேன். இடக்கையை விரித்து மேசைப் பலகையில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் அடுத்த மேசையில் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் தோளைத் தொட்டு ஃபோனைக் காட்டினார்: "நிண்டிட்டுது." திரையைப் பார்த்தேன். பிரதி முடிந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டிஸ்க் ஓடும் அதிர்வைப் பலகையில் உணர்ந்துகொண்டிருந்திருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் டிஸ்க்குகளைக் காதால் கேட்டுப் பழகிய எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

தேடலை ஓடவிட்டேன். மத்தியானம் முடிந்தபோது வீடியோக்கள் வரத் தொடங்கின. முதல் துண்டைத் திறந்தோம். சாம்பல் திரைக்கு முன்னால் நீலச் சட்டையோடு ஷர்மிளா டீச்சர், இரண்டு கையும் நன்றாக. சுகந்தி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். கார்டுகளை ஒவ்வொன்றாகக் கொப்பி பண்ணியதால் வீடியோக்கள் உடைந்து சிதறாமல் அடுத்தடுத்துக் கிடந்தன. முழுசாகவே எழுந்து வந்தன.

ஆனால் பெயர்கள் வரவில்லை. அழித்த பிறகு கொப்பி பண்ணிய கல்யாணம் பட்டியலின் அந்தப் பகுதியைக் கெடுத்திருந்தது. பழைய கல்யாணங்களை ஒதுக்கிய பிறகும் ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள், எல்லாவற்றுக்கும் வெறும் இலக்கம். எல்லாவற்றிலும் அதே பெண், அதே சட்டை, அதே திரை. பேச்சு இருந்தால் நானே கேட்டுப் பிரித்திருப்பேன். இதில் பேச்சு இல்லை. எது ஒளித்தொகுப்பு, எது இரத்தச் சுற்றோட்டம் என்று எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் சைகை தெரிந்த சுகந்திக்கும் பாதிக்கு மேல் விளங்கவில்லை.

ஷர்மிளா டீச்சர் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தார்.

மூன்று நாள் அவர் காலை எட்டரைக்கு வந்தார். நான் துண்டைத் திறப்பேன். இரண்டு மூன்று நொடியில் இடக்கை விரல்களால் பாட இலக்கத்தைக் காட்டுவார். சுகந்தி பெயர் மாற்றுவாள். ஹாஜி அடிக்கடி வந்து எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், ரோல்ஸும் தேத்தண்ணியும் அனுப்புவார். இரண்டாம் நாள் ஒரு துண்டைப் பார்த்து டீச்சர் சிரித்தார். ஃபோனில் எழுதினார்: "இது வேண்டாம். அமிலத்துக்குப் பதிலா காரம் எண்டு காட்டியிருக்கிறன். அண்டைக்கு ஒருத்தரும் கவனிக்கேல்ல." எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் கிழமை வந்த முதல் சிரிப்பு அதுதான்.

மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்கு இருபத்திரண்டு பாடங்கள் முழுதாக இருந்தன. மின்னியல் பாடங்கள் இரண்டு, அந்தக் கல்யாணத்துக்கு அடியில் போய்விட்டன. அவற்றை எந்த வழியிலும் எடுக்க முடியவில்லை. நான் அதைச் சொன்னபோது டீச்சர் பிளாஸ்டர் கையைத் தூக்கிப் பார்த்தார். "இது கழட்டினதும் அந்த ரெண்டையும் எடுப்பம்" என்று எழுதினார். போகும் முன் சுகந்தியிடம் இடக்கையால் ஏதோ காட்டினார். சுகந்தி அதைத் தன் இரண்டு கையாலும் எனக்குச் செய்துகாட்டிச் சொன்னாள்:

"அக்கா, டீச்சர் உங்களுக்குச் சைகையில ஒரு பேர் வச்சிருக்கிறா. ஒவ்வொருக்காலும் ரீ, ட்டா எண்டு எழுத்துக் கூட்ட ஏலாதாம். இனி அங்க உங்கட பேர் இதுதான்."

ஒரு உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, மற்றக் கையின் விரல்களை அதற்குக் கீழேயிருந்து மேலே எடுப்பது. கீழே போனதைத் தூக்கி எடுப்பவள். என் ஞானஸ்நானப் பெயருக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பெயர் அது ஒன்றுதான். யார் கேட்டாலும் கையால் செய்து காட்டுவேன்.

மறுநாள் ஹாஜி என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"தாள்ல நானும் கையெழுத்துப் போட்டேன் மிஸ். வேற வீடு இல்லன்னு தெரிஞ்சிதான் போட்டேன்" என்றார். பிறகு, "இனி என்ன செய்வோம், செல்லுங்க."

நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். இப்படி இரண்டு டிஸ்க் இணைத்த கணினியை எடுத்துப்போகும் கஸ்டமர் ஒவ்வொருவரும் எங்கள் தாளின் அடியில், தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ, தன் கையாலேயே ஒரு வரி எழுத வேண்டும்: நான் ஒன்றில் அழித்தால் இரண்டிலும் அழியும். அச்சடித்ததில் கையெழுத்து வாங்கினால் யாரும் வாசிப்பதில்லை. எழுதச் சொன்னால் எழுதும்போது கேள்வி வரும். வேற வீடு இல்லாமல் எந்த எடிட்டிங் கணினியும் கடையை விட்டுப் போகக்கூடாது என்றும் சொன்னேன். ஹாஜி இரண்டுக்கும் சம்மதித்தார். அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை, நான் திட்டமிட்ட கணினி எதிலும் ஒருவருடைய வேலைகூட தொலையவில்லை. கடைக்காரர்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

பிளாஸ்டர் கழற்றியபோது பரீட்சைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. மின்னியல் பாடங்கள் இரண்டையும் உடனே எடுத்தார்கள். கை இன்னும் இறுக்கமாக இருந்ததால் டீச்சர் மிக மெதுவாகச் சைகை செய்திருந்தார். பிறகு பிள்ளைகள், அந்த இரண்டு பாடமும்தான் நன்றாக விளங்கியது என்றார்களாம். முடிவுகள் வந்த நாளன்று, ஒரு பிள்ளையைத் தவிர எல்லோரும் விஞ்ஞானத்தில் பாஸாகிச் சித்தியடைந்துவிட்டார்கள் என்று சுகந்தி சொன்னாள்.

அந்த ஒரு பிள்ளை அடுத்த கிழமை தாயோடு கடைக்கு வந்தாள். கிராண்ட்பாஸிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். திரும்பவும் பரீட்சை எழுதப் போகிறாள், ஆனால் பாடசாலை முடிந்துவிட்டது, வீட்டில் கணினி இல்லை, ஃபோனில் பாடங்களைப் போட்டுத் தர முடியுமா என்று தாய் கேட்டாள். சுகந்தியிடம் கேட்டு வாங்கி, ஃபோனுக்கு அளவாகச் சுருக்கி, முப்பது பாடத்தையும் ஒரு சின்னக் கார்டில் போட்டுக் கொடுத்தேன்.

"எவ்வளவு மிஸ்?" என்று தாய் பையைத் திறந்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

மகள் அதற்குள் முதல் பாடத்தைத் திறந்துவிட்டாள். கடைக்கு வருகிற போகிறவர்கள் இடித்துக்கொண்டு போவதைக் கவனிக்காமல், கவுண்டரில் சாய்ந்து நின்று, ஃபோனை ஒரு கையில் பிடித்தபடி மற்றக் கையால் டீச்சரின் சைகையை அப்படியே செய்துகொண்டிருந்தாள். தாய் இரண்டு முறை தோளில் தட்டியும் வரவில்லை. பாடம் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

அடுத்த முறை அவளும் சித்தியடைந்தாள். அந்தச் செய்தி வந்த கிழமைதான் நான் வேலையிலிருந்து நின்றேன்.